அலுவலகம் இன்று 2005-இல் இயங்கும்

என் அம்மா யூனிசுக்கு எண்பத்து நான்கு வயது. இந்த வயதில் அவர் என்னிடம் கேட்டது ஒரே ஒரு கடிதம். தான் இறந்தால் கணவரின் கல்லறையைத் திறந்து அதிலேயே தன்னையும் அடக்கம் செய்யலாம் என்று புனித நிக்கதேம் கல்லறைத் தோட்ட அறக்கட்டளை முத்திரை குத்திக் கொடுக்கும் கடிதம். எங்கள் பக்கத்தில் இது நெடுநாள் வழக்கம். பெங்களூரில் உயிரோடு இருப்பவர்களுக்கே இடமில்லை. பதினான்கு வருடம் கழிந்த கல்லறையைத் திறந்து, உள்ளே மிஞ்சியிருப்பதைத் துணியில் கட்டி ஓரமாக வைத்துவிட்டு, குடும்பத்தில் அடுத்தவரை இறக்குவார்கள். அப்பா இறந்தது 2011 பிப்ரவரியில். பதினான்கு வருடம் முடிந்துவிட்டது.

“இல்லன்னா ஊருக்கு வெளிய எங்கயாவது புது எடத்துல கொண்டுபோய்ப் போட்டுடுவாங்கடா. எனக்கு அங்க யாரைத் தெரியும்?” என்றார் அம்மா.

அவருக்கு இதயம் பலவீனம். டாக்டர் நாள் எதுவும் குறிக்கவில்லை. அடுத்த பரிசோதனைக்கு எப்போது வரவேண்டும் என்று கேட்டதற்கு மட்டும், “பாத்துக்கலாம்” என்றார். ஆகவே மறுநாளே ஆஸ்டின் டவுனிலிருந்து கிளம்பி அறக்கட்டளை அலுவலகத்துக்குப் போனேன். ஒரு கடிதம்தானே, அரைநாள் லீவு போதும் என்று நினைத்தேன்.

அலுவலகம் கல்லறைத் தோட்டத்தின் வாசலிலேயே இருக்கிறது. குமாஸ்தா டென்சில் நல்ல மனிதர். உட்காரச் சொன்னார், அப்பாவின் பெயரைக் கேட்டார். ஸ்டானிஸ்லாஸ் என்றேன். அவர் மேசையில் இருந்த பளபளப்பான புதுக் கம்ப்யூட்டரில் ஒரு சின்னப் படத்தின் மேல் இரண்டு தட்டு தட்டினார். இந்தச் செயலி உங்கள் கணினியில் இயங்காது என்று ஒரு பெட்டி தோன்றியது.

“பாத்தீங்களா?” என்றார் டென்சில், தன் வேலை முடிந்துவிட்டதைப்போல.

விவரம் இதுதான். யார் எந்தக் குழியில் இருக்கிறார்கள் என்பதைச் சொல்லும் சாஃப்ட்வேரை 1998-இல் கமிட்டி உறுப்பினர் ஒருவரே எழுதிக் கொடுத்தார். அது ஒரு பழைய கம்ப்யூட்டரில் இத்தனை வருடம் ஓடியது. ஜூன் மாதம் அந்தக் கம்ப்யூட்டர் செத்தது. ஏதோ ஒரு கம்பெனி புதியது ஒன்றைத் தானமாகக் கொடுத்தது. புதியதில் புது விண்டோஸ். புது விண்டோஸுக்குப் பழைய சாஃப்ட்வேரை அடையாளமே தெரியவில்லை.

“ரிஜிஸ்டர் புக் இருக்குமே?”

“இருந்துச்சு சார். 2015-ல பேப்பரே வேணாம்னு ஆயிடுச்சு. செத்தவங்க பேர் எழுதின புக்கை எடைக்குப் போடக் கூடாதுன்னு கமிட்டியில ஃபீல் பண்ணாங்க. அதனால ஃபாதரைக் கூப்ட்டு ஜெபம் பண்ணி, பதினேழு வால்யூமையும் இங்கயே அடக்கம் பண்ணிட்டோம்.”

“எந்த இடத்துல?”

“அது சாஃப்ட்வேர்ல இருக்கு சார்.”

“சாஃப்ட்வேர் எழுதினவரையாவது கேக்கலாமே?”

“அவரும் உள்ளதான் இருக்காரு. எந்த வரிசைன்னு…” என்று டென்சில் கம்ப்யூட்டரை நோக்கிக் கையைக் காட்டினார்.

அப்போது செயலாளர் கேரல் மேடம் உள்ளே வந்தார். பள்ளி முதல்வராக இருந்து ஓய்வு பெற்றவர். நிற்பவர்கள் எல்லோரும் தாமதமாக வந்த மாணவர்கள் என்பதுபோல் பார்ப்பார். நான் என் குறையைச் சொன்னேன்.

“மிஸ்டர் அமல், அறுபது வருஷமா இந்தத் தோட்டத்தை நடத்தறோம். பதினோராயிரம் பேர் இங்க இருக்காங்க. ஒருத்தர்கூட இதுவரைக்கும் ஒரு கம்ப்ளெயிண்ட் குடுத்ததில்ல. வெளியில இருந்து வர்றவங்கதான் அவசரப்படறீங்க” என்றார். பிறகு என் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைப் பார்த்தார். “நீங்க ஐ.டி. கம்பெனியா?”

“ஆமா மேடம்.”

“அப்போ நீங்களே சரி பண்ணலாமே.”

இங்கே ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். நான் ஐ.டி. கம்பெனியில் வேலை செய்கிறேன் என்பது பொய்யல்ல. அங்கே நான் பார்ப்பது போக்குவரத்துப் பிரிவு. எந்தக் கார் யாரை எத்தனை மணிக்கு ஏற்றவேண்டும் என்று பட்டியல் போடுகிறேன். இருபது வருடமாக உறவுக்காரர்களின் லேப்டாப்புகளைக் கையில் வாங்கி, சற்று நேரம் முறைத்துப் பார்த்து, “மதர்போர்டு போயிருக்கும்” என்று திருப்பிக் கொடுத்து மானத்தைக் காப்பாற்றி வருகிறேன். அன்றும் வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். வெட்கம் விடவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தேன்.

எங்கள் கம்பெனிப் பையன்கள் செய்வதை எப்போதோ பார்த்த ஞாபகத்தில் வலது பக்கம் சொடுக்கினேன். ஒரு பட்டியல் விழுந்தது. அதில் 1995-ஆம் வருடத்து விண்டோஸாக நடித்துக்கொள் என்று புது விண்டோஸுக்குச் சொல்ல ஒரு வசதி இருந்தது. அதைத் தேர்ந்தெடுத்தேன். உடனே திரை இருண்டு, இந்தச் செயலி உங்கள் கணினியில் மாற்றங்கள் செய்ய அனுமதிக்கிறீர்களா, ஆம், இல்லை என்று கேட்டது. நான் ஆம் என்பதை அமுக்கப் போனேன். டென்சில் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

“மாற்றம்னு போட்டிருக்கு சார். மாற்றத்துக்கு அனுமதி குடுக்க எனக்கு அதிகாரம் இல்ல.”

“கரெக்ட்” என்றார் கேரல் மேடம். “விதி ஒன்பது. எந்த மாற்றமா இருந்தாலும் செயற்குழு தீர்மானம் போடணும்.”

செயற்குழு மாதத்துக்கு ஒருமுறைதான் கூடும். அதுவரை அந்தக் கேள்வியைத் திரையிலேயே நிறுத்திவைப்பது என்று முடிவானது. மூடினால் மறுபடி கேட்குமோ கேட்காதோ, யாருக்குத் தெரியும். டென்சில் கீபோர்டின் மேல் ஒரு மேசைவிரிப்பைப் போர்த்தி, தொடாதீர்கள் என்று எழுதி ஒட்டினார். பத்தொன்பது நாள் அந்தக் கம்ப்யூட்டர் விடை தெரியாமல் காத்திருந்தது. நானும் காத்திருந்தேன். வீட்டுக்குப் போனால் அம்மா, “லெட்டர் ஆச்சா?” என்பார். “ப்ராசஸ்ல இருக்கு மம்மி” என்பேன்.

பத்தொன்பதாம் நாள் செயற்குழு கூடி, ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் மாற்றத்தை ஏற்றது. எதிர்த்த இருவரும் தங்கள் எதிர்ப்பைப் பதிவு செய்யச் சொன்னார்கள். அனைவரும் எழுந்து நிற்க, கேரல் மேடம் ஆம் என்பதை அமுக்கினார். இந்தச் செயலி உங்கள் கணினியில் இயங்காது என்று அதே பெட்டி தோன்றியது. எதிர்த்த இருவரும் கைகுலுக்கிக்கொண்டார்கள்.

அதன் பிறகுதான் ரயான் என்ற நிபுணரை வரவழைத்தார்கள். பிரேசர் டவுனில் கம்ப்யூட்டர் கடை வைத்திருப்பவர். பத்து நிமிடத்தில் நிலைமையைப் புரிந்துகொண்டார். என் அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு, “உங்களுக்குத் தெரியாததா சார்” என்று மரியாதையாக ஒதுங்கி வழிவிட்டார். எனக்குக் காது சூடேறியது. நீங்களே பாருங்கள் என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டேன்.

புது விண்டோஸின் உள்ளே ஓர் அறை தடுத்து, அதில் பழைய விண்டோஸைக் குடிவைப்பதுதான் ரயானின் வைத்தியம். பழையது தான் இன்னும் பழைய கம்ப்யூட்டரிலேயே இருப்பதாக நம்பிக்கொண்டு ஓடுமாம். அதற்கு ஃபாதர் வந்து தீர்த்தம் தெளித்தார். டென்சில் முன்யோசனையாகக் கம்ப்யூட்டருக்கு பிளாஸ்டிக் உறை போட்டிருந்தார். சாஃப்ட்வேர் திறந்தது. ஒரு சிலுவைப் படமும், அதன் கீழே உங்கள் உரிமம் 31-12-2005 அன்று முடிவடைந்தது என்ற வரியும் வந்தன.

“இருபது வருஷம் எப்படி ஓடுச்சு அப்போ?” என்று கேட்டேன்.

ரயான் பழைய கம்ப்யூட்டரைக் கழற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார். அதன் கடிகார பேட்டரி எப்போதோ தீர்ந்துபோயிருந்தது. ஒவ்வொரு நாள் காலையும் அது கண்விழிக்கும்போது 1998 ஜனவரி ஒன்றாம் தேதி. உரிமம் முடிந்தது அதற்குத் தெரியவே இல்லை. புதுக் கம்ப்யூட்டருக்குத் தேதி சரியாகத் தெரிந்திருப்பதுதான் இப்போது கோளாறு.

மறுபடி செயற்குழு. கடிகாரத்தைப் பின்னால் தள்ளலாம், ஆனால் எந்த வருடத்துக்கு என்பதில் மூன்று மணி நேர விவாதம். முடிவில் 2005 என்று தீர்மானித்தார்கள். “நாங்க பழமைவாதிங்க இல்ல. உரிமம் எந்த அளவுக்கு விடுதோ, அந்த அளவுக்கு மாடர்னா இருக்கோம்” என்றார் கேரல் மேடம். திங்கள், புதன் காலை பத்து முதல் ஒன்று வரை, அலுவலகம் இன்று 2005-இல் இயங்கும் என்று பலகை மாட்டினார்கள். அந்த மூன்று மணி நேரமும் போனில் பணம் அனுப்ப முடியாது, 2005-இல் அது கிடையாது. டென்சில் வேலைக்குச் சேர்ந்தது 2007-இல் என்பதால் திங்கள், புதன்களில் அவர் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட வழியில்லாமல் போயிற்று. யோசித்து, அவரை 2005-க்கு மட்டும் தற்காலிக ஊழியராக நியமித்தார்கள்.

ஒரு புதன்கிழமை என் முறை வந்தது. டென்சில் அப்பாவின் பெயரை அடித்தார். பெயர் வந்தது. கடிதம் என்ற இடத்தில் அமுக்கினார். முகம் வாடியது.

“சார், அடக்கம் ஆகி எத்தனை வருஷம்னு இதுவே கணக்குப் போடுது. மைனஸ் ஆறு காட்டுது.”

“அப்படின்னா?”

“உங்க ஃபாதர் இறக்க இன்னும் ஆறு வருஷம் இருக்கு சார்.”

கேரல் மேடம் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். “உரிமையாளர் உயிரோட இருந்தா, கல்லறையைத் திறக்க அவர்தான் கையெழுத்துப் போடணும். விதி இருபத்து மூணு.”

“மேடம், அவர் செத்துட்டார். இங்கதான் புதைச்சீங்க.”

“நாங்க உணர்ச்சிக்கு எதிரானவங்க இல்ல மிஸ்டர் அமல். ஆனா உயிரோட இருக்கிற ஒருத்தரைப் புதைச்சோம்னு நாங்க ஒத்துக்க முடியாது. நாளைக்குக் கேஸ் ஆயிடும். 2005-ல அவர் எங்க இருந்தார்?”

“எங்க வீட்ல. ஆஸ்டின் டவுன்ல.”

“ரொம்பக் கிட்டதானே. ஒரு கையெழுத்து வாங்கிட்டு வந்துடுங்களேன்.”

சிரித்திருக்க வேண்டிய இடம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. 2005-இல் அப்பா முன்னறையில் உட்கார்ந்து ரேடியோவைத் தட்டிக்கொண்டிருப்பார். நான் அவரைத் தாண்டித்தான் வேலைக்குப் போவேன். ஒரு வார்த்தை பேசமாட்டேன். சண்டை ஒன்றும் இல்லை, நேரமில்லை என்று பெயர். இப்போது அந்த வீட்டுக்குள் போக முடிந்தால் கையெழுத்துக்காகப் போகமாட்டேன்.

அந்த ஆத்திரத்தில்தான் சொன்னேன். “எங்க டாடி கல்லறை எதுன்னு எனக்குத் தெரியும் மேடம். வருஷா வருஷம் கல்லறைத் திருநாளுக்கு வரேன். சுண்ணாம்பு அடிக்கிறேன். மெழுகுவத்தி ஏத்தறேன். உங்க சாஃப்ட்வேரை விட எனக்கு நல்லாத் தெரியும்.”

அதற்கும் விதி இருந்தது. விதி இருபத்தேழு, நேரடி அடையாளம். குடும்பத்தார் கல்லறையைக் காட்டவேண்டும், தோட்டத் துப்புரவு ஊழியர் சாட்சி சொல்லவேண்டும், எண் பதிவோடு ஒத்துப்போகவேண்டும். மூன்றும் சரியாக இருந்தால் மைனஸ் ஆறைப் பொருட்படுத்தத் தேவையில்லை. அடுத்த திங்கட்கிழமை என்று நாள் குறித்தார்கள்.

அம்மா தானும் வருவேன் என்று பிடிவாதம் பிடித்தார். அப்பா இறந்த வாரம் அம்மா படியில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அன்றிலிருந்து கல்லறைத் தோட்டத்து மேட்டுப் பாதையில் அவரால் ஏற முடியாது. ஒவ்வொரு நவம்பர் இரண்டாம் தேதியும் வாசலில் ஆட்டோவிலேயே உட்கார்ந்து, மெழுகுவத்திப் பாக்கெட்டை என்னிடம் கொடுத்து அனுப்புவார். அன்றும் பாக்கெட்டோடு வந்தார். “வேலை முடிஞ்சதும் வந்து வாங்கிக்கோ” என்று மடியில் வைத்துக்கொண்டார்.

நான் முன்னால் நடந்தேன். பின்னால் கேரல் மேடம், டென்சில், கையில் லேப்டாப்பைத் திறந்து பிடித்தபடி ரயான். நாவல் மரத்துக்கு அடுத்த வரிசையில், சிமெண்டு பூசிய, வெள்ளை வெளேரென்ற கல்லறை முன் நின்றேன். பெயர்ப்பலகை மட்டும் இல்லை. கிரானைட்டில் ஒன்று வைக்கிறேன் என்று பதினான்கு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

“இதுதான்.”

கூட்டிக்கொண்டிருந்த லட்சுமம்மாவைச் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள். ஐம்பது வயதிருக்கும். இந்தத் தோட்டத்தில் கூட்டுவது, புல் பறிப்பது எல்லாம் அவர்தான். ஒவ்வொரு வருடமும் நான் இந்தக் கல்லறையைக் காட்டி, “நல்லாப் பாத்துக்கோ லட்சுமம்மா, கலீஜாகாம இருக்கணும்” என்று சொல்லிவிட்டுப் போவேன். போன வருடம் என் மனைவி லவினாவின் பழைய சேலை ஒன்றும் கொடுத்தேன். லட்சுமம்மா இப்போது துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டுத் தரையைப் பார்த்தபடி நின்றார்.

“எண்ணைப் பாருங்க” என்றார் கேரல் மேடம்.

ஒவ்வொரு கல்லறையின் தலைமாட்டிலும் எண் பொறித்த சிறு கல் இருக்கும். இதிலும் இருந்தது. நான் வருடா வருடம் அடித்த சுண்ணாம்பில் எண் மூடிப்போயிருந்தது. டென்சில் சாவியால் சுரண்டினார். பதினான்கு வருடத்துச் சுண்ணாம்பு பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. எண்ணைப் படித்தார். ரயான் அடித்துப் பார்த்தார்.

“மிஸ் கிளாடிஸ். பியானோ டீச்சர். 1968” என்றார்.

கேரல் மேடத்தின் முகத்தில் மெல்ல ஒரு நிம்மதி பரவியது. “பாத்தீங்களா? சிஸ்டத்துல தப்பே இல்ல” என்றார். அவர் சொன்னது சரி. இத்தனை மாதம் நான் திட்டிய சாஃப்ட்வேர் சரியாகத்தான் இருந்தது.

நான் அந்த இடத்தில்தான் மண்டியிடுவேன். லவினா பின்னால் நிற்பாள். பிள்ளைகளிடம், தாத்தாவுக்கு முத்தி செய்யுங்கள் என்பேன், அவர்கள் குனிந்து அந்தச் சிமெண்டை முத்தமிடுவார்கள். எல்லோரும் நகர்ந்த பிறகு நான் மட்டும் சற்று நேரம் நின்று, டாடி, மன்னிச்சிடுங்க என்பேன். பதினான்கு வருடமாக ஒரு பியானோ டீச்சரிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறேன்.

மன்னிப்புக் கேட்கக் காரணம் இருந்தது. அப்பா இறந்தபோது நான் புனேயில் இருந்தேன். விமானம் கிடைக்கவில்லை என்று சொன்னேன். கிடைத்தது. மறுநாள் ஒரு முக்கியமான கூட்டம் இருந்தது. எந்தத் துறைக்கு எத்தனை கார் நிறுத்துமிடம் ஒதுக்குவது என்ற கூட்டம். அடக்கத்தை முன்னின்று நடத்தியது என் சித்தப்பா. நாவல் மரத்துக்கு அடுத்த வரிசை என்று போனில் சொன்னார். அதே வருடம் அவரும் போய்விட்டார். பெற்ற தகப்பனின் கல்லறை எது என்று வேறு யாரிடமாவது கேட்க எனக்கு வெட்கமாக இருந்தது. சிமெண்டு பூசியதாக, பெயர் இல்லாததாக ஒன்றைப் பார்த்தேன். சித்தப்பா பூசியிருப்பார் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

“இவங்க ஃபாதர் எங்கன்னு உனக்குத் தெரியுமா?” என்று டென்சில் லட்சுமம்மாவைக் கேட்டார்.

அவர் தலையசைத்துவிட்டு நடந்தார். நான்கு கல்லறைகள் தள்ளி, அதே வரிசை. சிமெண்டு இல்லை, வெறும் மண்மேடு. புல் பறித்துச் சுத்தமாக இருந்தது. ஓரத்தில் செங்கல் வைத்து அணைகட்டியிருந்தது. தலைமாட்டில் உருகி உறைந்த மெழுகு ஒரு விரல் உயரத்துக்கு ஏறியிருந்தது. டென்சில் எண்ணைப் படித்தார். ரயான் சரி என்றார்.

“இந்த மெழுகு?” என்றேன்.

“உங்களுதுதான் சார். நீங்க போனதும் அங்கிருந்து ஒண்ணு எடுத்தாந்து இங்க வெச்சிடுவேன்.”

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

லட்சுமம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். “குழி தோண்டினது எங்க ஊட்டுக்காரரு. நான்தான் மண்ணு வாரினேன். உங்க சித்தப்பா போகும்போது சொல்லிட்டுப் போனாரு, பையன் வருவான், கேப்பான், காட்டும்மான்னு. நானும் பாத்துட்டே இருந்தேன். நீங்க வந்தீங்க, நேரா போய் அங்க முட்டி போட்டு அழுதீங்க. பொண்டாட்டி புள்ளைங்க நிக்கறாங்க. அவங்க எதிர்ல எப்படி சார் சொல்றது? அடுத்த வருஷம் கேப்பீங்கன்னு இருந்தேன். நீங்க கேக்கவே இல்ல.”

அவமானம் என்ற சொல்லை எத்தனையோ இடத்தில் சுலபமாகப் பயன்படுத்தியிருக்கிறேன். அது இதுதான் என்று அன்று தெரிந்தது.

அலுவலகத்துக்குத் திரும்பினோம். டென்சில் கடிதத்தை நிரப்பினார். கல்லறையைப் பராமரிப்பவர் என்று ஒரு கட்டம் இருந்தது. அதைக் காலியாக விட்டால் சாஃப்ட்வேர் நகராது. என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“லட்சுமம்மா” என்றேன்.

அடித்தார். “அடுத்தது உறவுமுறை கேக்குது சார். மனைவி, மகன், மகள், சகோதரர். நாலுதான் இருக்கு. ஊழியர்னு இல்ல.” சற்று நிறுத்தி, “மகன்னு உங்க பேரையே போட்டுடட்டுமா? ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்” என்றார், எனக்கு உதவும் குரலில்.

“வேணாம். மகள்னு போடுங்க.”

கேரல் மேடம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். விதிப் புத்தகத்தில் அதற்கு எதிராக ஒன்றும் இல்லை போலிருக்கிறது. முத்திரையைக் குத்தினார்.

ஆட்டோவில் அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடிதத்தை மெதுவாகப் படித்தார். “2005-னு போட்டிருக்கே. அப்போ டாடி இருந்தாரே” என்றார். பிறகு விரல் கீழே இறங்கி ஒரு வரியில் நின்றது. “லட்சுமம்மா, மகள். யாருடா இது?”

சொன்னேன். நாவல் மரம், பியானோ டீச்சர், நாலு கல்லறை தள்ளி இருக்கும் மண்மேடு, கடைசியில் புனே, கிடைத்த விமானம், எல்லாவற்றையும் சொன்னேன். ஆட்டோக்காரர் கேட்காததுபோல் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா என்னைத் திட்டவில்லை. அழவும் இல்லை. கடிதத்தை நான்காக மடித்துப் பைக்குள் வைத்தார்.

வழக்கம்போல் மெழுகுவத்திப் பாக்கெட்டுக்காக நான் கையை நீட்டினேன். அம்மா அதைத் தரவில்லை. மடியிலேயே அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

“போய் அந்தப் பொண்ணைக் கூட்டிட்டு வா. அவ கையில குடுக்கறேன்” என்றார்.